மற்றவை

இன்ஜெக்டர் பம்புக்குக் காசு தரவில்லை டோர்கில்ட்.
லேப்டாப்பைத் தந்தான்.
"ஜூனில் வருவேன், தெல்மீரா."
ஓர்ட்டா துறைமுகச் சுவர் முழுக்க
இப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்கள்தான்,
படகின் பெயரோடு, பெயின்ட்டில்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது.
இது தானமில்லை. நானூற்றுப் பத்து யூரோ.
பார்த்தேன்.

விண்டோஸ் இல்லை.
இடது மூலையில் இருக்கவேண்டிய பொத்தான் இல்லை.
டேனிஷில் ஏதோ கேட்டது,
பெரிதாக இருந்த பதிலை அழுத்தினேன்.
மொழியை மாற்றினேன்:
பாதி மெனு போர்ச்சுகீசுக்கு வந்தது
பாதி வரமாட்டேன் என்றது.

பழைய கம்ப்யூட்டரில் பில் போட்டுக்கொண்டிருந்ததை
பென் டிரைவில் கொண்டுவந்து சொடுக்கினேன்.
மறுபடி. மறுபடி.
செத்த பேட்டரிகூட சாவியைத் திருப்பினால்
டிக் என்று ஒரு சொல் சொல்லும்.

மருந்துக்கடை எவரிஷ்டுதான் சொன்னான்,
வெளியிலிருந்து கொண்டுவந்தால் ஏறாது,
அதற்குள்ளேயே ஒரு கடை இருக்கிறது, அங்கே கேள்.
கேட்டேன். எதற்கும் விலை போடவில்லை.
விலை போடாத கடையில்
கையைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்வது என் வழக்கம்.

கடவுச்சொல் அடியில், இன்சுலேஷன் டேப்பில்.
குறுக்கே கோடு போட்ட ஒரு வட்டம் அதில் ஓர் எழுத்து,
நல்லவேளை, கீபோர்டும் டேனிஷ்.
கறுப்பு ஜன்னலில் அடித்தேன்.
ஒரு நட்சத்திரமும் விழவில்லை.
அடிக்கிறேனா இல்லையா என்று
விரல்களைத்தான் கேட்கவேண்டியிருந்தது.

பில் போட ஒன்றே ஒன்று கேட்டேன்.
உடன் அறுபத்தொன்று வருமாம், சம்மதமா?
மாப்பிள்ளையைக் கூப்பிட்டால்
பந்தியில் ஊரே உட்காருகிறது.
வேண்டாம் என்று சொல்லப்போனவள் நின்றேன்.
ஓர் இன்ஜெக்டர் மாற்ற நானும்
செம்பு வாஷர், ஓ-ரிங், திரும்பி வராத நான்கு போல்ட் என்று
எழுதுகிறேனே பில்லில்,
வாடிக்கையாளர் இதே முகத்தோடு பார்க்க.
சரி என்றேன்.

ஏறியது. ஆனால் எங்கே ஏறியது?
அலுவலகத்தில் இல்லை. இணையத்தில் இல்லை.
படங்களில் தேடியது என் முட்டாள்தனம்.
கடைசியாக, கடைசி வரிசையில்: மற்றவை.
அலை அட்டவணை வைத்தேன், அதுவும் மற்றவை.
டீசல் கோளாறு படிக்கும் கருவி, மற்றவை.
நான் செய்கிற வேலைக்கு
இந்த ஊரிலும் தலைப்பு கிடையாது.

ஒரு குளிர்காலம் முழுக்க,
எதிரே பீக்கு மலை மேகத்தைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்க,
எல்லாவற்றையும் இடம் மாற்றினேன்.
பட்டறைச் சுவரில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும்
அதன் உருவத்தை வரைந்துவைத்திருக்கிறேன்,
இல்லாதது எது என்று தூரத்திலேயே தெரிய.
(பத்து எம்.எம். உருவம் மட்டும்
எப்போதும் வெறும் உருவம்.)
அதே மாதிரி திரையில்:
மேலே பணம், வலப்புறம் இன்ஜின், கீழே கடல்.
அவனுடைய கடல்வரைபடத்தை அழிக்கப் பார்த்தேன்.
"இனி யாருக்கும் தேவைப்படாதவை" என்று
கூடவே முப்பது பெயர் நீட்டியது.
யாரிடம் கேட்டுச் சொல்கிறது?
விட்டுவிட்டேன்.

ஜூன் பதினொன்று. வந்தான்.
நானூற்றுப் பத்தையும் எண்ணி வைத்தான்,
மேலே ஒரு பாட்டில்.
லேப்டாப்பைத் திறந்தான்.
இடது மூலைக்குப் போனான், திரும்பினான்.
ஒரு பெட்டி போர்ச்சுகீசில் ஏதோ கேட்க
பெரிதாக இருந்த பதிலை அழுத்தினான்.
"என் வரைபடம் எங்கே?"

கையைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்,
கடைசி வரிசையில் பார்.

பார்த்தான்.
கடவுச்சொல் கேட்டது.
லேப்டாப்பைப் புரட்டி அடியில் தேடினான்,
டேப்பைப் பிய்த்து மாதங்கள் ஆயிற்று.